22-ஆம் வாயிலின் சம்பிரதாயங்கள்

ஓரூரில் அமர்ந்துகொண்டு வேறோர் ஊரிலுள்ள கணினியை அதன் எதிரிலேயே இருந்து இயக்குவது போல இயக்க வேண்டும் என்ற ஆசை, கணினிகளைக் கம்பிகளால் பிணைக்கத் தொடங்கிய நாள் முதலே அந்தத் துறையாருக்கு இருந்து வந்திருக்கிறது. அந்த ஆசையை முதலில் நிறைவேற்றித் தந்த டெல்நெட் என்னும் ஏற்பாடும், பின்னர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையார் தங்கள் யூனிக்ஸில் சேர்த்து 1983-இல் வெளியிட்ட ஆர்லாகின், ஆர்எஸ்ஹெச் முதலிய கட்டளைகளும், ஒருவரையொருவர் அறிந்தவர்களே பெரும்பாலும் புழங்கிய ஒரு சிறிய உலகத்துக்காக ஏற்பட்டவை. டெல்நெட்டில் தட்டுகிற ஒவ்வோர் எழுத்தும், பாஸ்வேர்டு உட்பட, உள்ளது உள்ளபடியே கம்பியில் ஓடும். ஆர்லாகினோ, போர்ட் எனப்படும் வாயில்களில் 1024-க்குக் குறைந்த எண்ணுடைய ஒன்றிலிருந்து ஒருவன் பேசுகிறான் என்றால் அவன் அந்தக் கணினியின் நிர்வாகியின் சம்மதத்தோடுதான் பேசுகிறான் என்று நம்பி, அவன் சொன்ன பெயரை அப்படியே ஏற்று, பாஸ்வேர்டு கேட்கும் சிரமத்தைக்கூட விருந்தாளிக்கு வைக்காமல் உள்ளே அழைத்துக்கொள்ளும். சொந்தமாக ஒரு கணினி வாங்கியவன் எவனும் தானே அதற்கு நிர்வாகி ஆகிவிடுகிற காலம் வரும் என்பதை இதை வகுத்தவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணியிருந்தாலும், அன்றைய அவசரத்தில் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் காலம் 1990-களில் வந்தது. 1995-ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பச் சர்வகலாசாலையின் நெட்வொர்க்கில், முதுகெலும்பான இணைப்போடு நேரே பிணைக்கப்பட்டிருந்த ஒரு கணினியில், யாரோ ஓர் ஒட்டுக்கேட்கும் நிரலை மறைவாக நிறுவி வைத்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடிக்கப்பட்டபோது அதில் ஆயிரக்கணக்கான பயனர் பெயர்களும் பாஸ்வேர்டுகளும் சேர்ந்திருந்தன. அந்தச் சர்வகலாசாலையில் ஆராய்ச்சியாளராக இருந்த டாட்டு இலோனன் என்பவர், பாதிக்கப்பட்டவர்களோடு தமக்கும் சம்பந்தம் இருந்த காரணத்தால், இனிப் பாஸ்வேர்டு கம்பியில் வெளிப்படையாக ஓடக்கூடாது என்று தீர்மானித்துச் சில மாதங்களுக்குள் ஒரு நிரலை எழுதி முடித்தார். அதுவே எஸ்எஸ்ஹெச். இணைப்பு முழுவதையும் சங்கேதத்தால் மூடி, எதிர்முனையிலிருக்கும் கணினி உண்மையில் தான் சொல்லுகிற கணினிதானா என்பதைச் சாவியைக் கொண்டு சோதித்து, அதன் பிறகே பயனரை யாரென்று கேட்பது அதன் முறை.

நிரலை உலகுக்கு வெளியிடுவதற்கு முன் அதற்கென ஒரு வாயில் எண் வேண்டியிருந்தது. கோப்புகளைக் கொண்டுசெல்லும் எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23. இவ்விரண்டுக்கும் மாற்றாகத் தம் நிரல் விளங்க வேண்டும் என்று விரும்பிய இலோனன், இடையிலிருந்த 22 காலியாக இருப்பதைக் கண்டு, 1995 ஜூலை 10-ஆம் தேதி எண்களைப் பங்கிடும் அமைப்புக்கு ஒரு விண்ணப்பக் கடிதம் அனுப்பினார். இணையத்தின் எண்கள் அனைத்தும் அப்போது ஜான் போஸ்டல், ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் என்ற இருவர் கையில் இருந்தன. மறுநாளே ரெனால்ட்ஸிடமிருந்து 22-ஆம் எண் கொடுக்கப்பட்டதாகப் பதில் வந்துவிட்டது. குழு இல்லை, வாக்கெடுப்பு இல்லை, ஆட்சேபணைக்குக் கெடு இல்லை. ஒரு நாட்டின் தபால் தலையை மாற்றுவதற்கே ஆண்டுக்கணக்கில் ஆலோசிக்கும் உலகில், இன்று பல கோடிக் கணினிகள் திறந்து வைத்திருக்கும் ஒரு வாயில் இவ்வளவு இலகுவாகக் கிடைத்துவிட்டது என்பதை நினைக்க வியப்பாகவே இருக்கிறது.

ஜூலை 12-இல் அறிவிக்கப்பட்ட அந்த நிரலை மூலவடிவத்துடன் யாரும் இலவசமாகப் பெறலாம் என்றிருந்ததால், அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 50 நாடுகளில் 20,000 பேர் அதைப் பயன்படுத்தினார்கள் என்று மதிப்பிடப்பட்டது. உதவி கேட்டு இலோனனுக்கு நாளொன்றுக்கு 150 கடிதங்கள் வரலாயின. அவற்றுக்குத் தனியொருவராகப் பதில் எழுத இயலாத நிலையில், டிசம்பரில் அவர் எஸ்எஸ்ஹெச் கம்யூனிகேஷன்ஸ் செக்யூரிட்டி என்ற கம்பெனியை ஏற்படுத்தினார். நன்மைக்கும் பிற்காலப் பிணக்குகளுக்கும் சேர்த்து வித்து அங்கேதான் விழுந்தது.

இங்கே ஒரு விஷயத்தை நின்று கவனிக்க வேண்டும். முதல் எஸ்எஸ்ஹெச்சுக்கு எழுதப்பட்ட இலக்கணம் என்று எதுவும் முன்கூட்டி இருக்கவில்லை. நிரல் எப்படி நடந்துகொண்டதோ அதுவே இலக்கணம். பின்னால் இலோனன் இணையத் தரநிர்ணயச் சபைக்கு ஒரு வரைவு கொடுத்தார் என்றாலும், அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நிரலின் நடத்தையை வருணித்ததேயன்றி வேறில்லை. ஒரே நிரல் இருக்கிறவரையில் இதனால் தொல்லை கிடையாது. வேறொருவர் அதே மொழியில் பேசும் இன்னொரு நிரலை எழுதத் தொடங்கிய மறுகணமே, எது விதி, எது பிழை, எது ஆசிரியரின் பழக்கம் என்று பிரித்தறிவது மிகவும் கஷ்டமாகிவிடும். பாதுகாப்பான தொலைநுழைவு நிரல்களுக்குள் ஒத்துப்போதல் என்பதன் சரித்திரம் முழுவதும் இந்த ஒரு கஷ்டத்திலிருந்து கிளைத்ததுதான்.

நிரல்கள் தமக்குள் பேசும் இந்த மொழியில், அதாவது முதல் நெறிமுறையில், குறைகள் இருப்பது விரைவிலேயே தெரிந்தது. செய்தி வழியில் சிதையாமல் வந்ததா என்று பார்ப்பதற்கு அது சிஆர்சி-32 என்ற கணக்கைப் பயன்படுத்தியது. கம்பியின் இரைச்சலால் நேரும் பிழைகளைக் கண்டுகொள்ளப் போதுமான அந்தக் கணக்கு, வேண்டுமென்றே செய்தியை மாற்றுகிற விரோதியின் முன் பயனற்றது. காப்புரிமையின் தொந்தரவும் இருந்தது: முதல் நெறிமுறை ஆர்எஸ்ஏ முறையின்றி நடவாது, அந்த முறையின் மீது அமெரிக்காவில் 2000 செப்டம்பர் வரை காப்புரிமை நீடித்தது. ஆகவே, ஒட்டுப்போட்டுச் சமாளிப்பதைக் கைவிட்டு, அடியோடு புதிதாக இரண்டாம் நெறிமுறை வகுக்கப்பட்டது. அதன் முதல் வரைவு 1997-இல் தரநிர்ணயச் சபையின் பணிக்குழுவுக்கு வந்தது. ஆர்எஸ்ஏயை விட்டு டிஃபி-ஹெல்மன் முறையையும் டிஎஸ்ஏ கையொப்பத்தையும் கட்டாயமாக்கியது அது. முதலாவதோடு அதற்கு எவ்விதத் தொடர்ச்சியும் இல்லை. ஒன்றைப் பேசுகிற நிரலுக்கு மற்றது புரியாது.

1998-இல் கம்பெனி தன் இரண்டாம் நிரலை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அது பாதுகாப்பில் மேலானதாக இருந்தும் ஜனங்கள் அதற்கு மாறத் தயங்கினார்கள். பழைய நிரலிலிருந்த சில வசதிகள் புதியதில் விட்டுப்போயிருந்தன. அதைவிட முக்கியமாக, புதிய உரிமத்தின் நிபந்தனைகள் கடுமையாயிருந்தன. இலவசமாகக் கிடைத்து, வேலையும் செய்கிற ஒன்றை விட்டு, பணங்கொடுத்து வாங்க வேண்டியதற்குப் போகிறவர் எந்த ஊரிலும் சிலரே. தவிர, நிர்வாகி ஒருவர் மனம் வைத்துத் தம் சர்வரை மாற்றினாலும், அதில் நுழைகிறவர்களின் கணினிகளிலெல்லாம் நுழைவதற்கான பழைய நிரலே, அதாவது பழைய கிளையண்டே, இருந்தது. இந்த நிர்ப்பந்தத்துக்குக் கம்பெனி கண்ட உபாயம் விசித்திரமானது: புதிய சர்வர் நிரலுக்கு அருகிலேயே பழைய சர்வர் நிரலையும் நிறுவி வைக்க வேண்டும், முதல் நெறிமுறையைப் பேசுகிறவன் வந்தால், புதியது ஒதுங்கிக்கொண்டு பழையதை எழுப்பி அவனை அதனிடம் ஒப்படைத்துவிடும். அமைப்புக் கோப்பில் பழையது இருக்கும் இடத்தைக் குறிப்பதற்கென்றே ஒரு வரி உண்டு. இரண்டு மொழியறிந்த ஒருவரை நியமிக்காமல், மொழிக்கு ஒருவராக இரண்டு வாயிற்காவலரை வைத்தார்கள்.

வந்தவன் எந்த மொழிக்காரன் என்பதை எப்படி அறிவது? இணைப்பு ஏற்பட்டதும் இரு முனைகளும் சங்கேதமின்றி, யாரும் படிக்கக்கூடிய ஒரு வரியைப் பரிமாறிக்கொள்ளும். இந்த வழக்கம் முதல் நாளிலிருந்து இன்றுவரை மாறவில்லை. எஸ்எஸ்ஹெச் என்ற எழுத்துக்கள், ஒரு சிறு கோடு, நெறிமுறையின் எண், மீண்டும் ஒரு கோடு, பிறகு நிரலின் பெயரும் பதிப்பு எண்ணும். எல்லாம் சேர்ந்து 255 எழுத்துக்களுக்கு மேற்படக் கூடாது. முதல் நெறிமுறைக்காரர்கள் 1.3 என்றோ 1.5 என்றோ சொல்வார்கள், இரண்டாமவர்கள் 2.0 என்பார்கள். இரண்டும் அறிந்த சர்வர் என்ன சொல்வது? 2.0 என்றால் பழைய கிளையண்ட் பயந்து போய்விடும், 1.5 என்றால் புதியது தாழ்ந்த நெறிமுறைக்கு இறங்கிவிடும். அதற்காக வகுக்கப்பட்டதுதான் 1.99 என்ற எண். புள்ளிக்கு முன்னால் 1 இருப்பதைக் கண்டு பழைய கிளையண்ட் தன் இனத்தான் என்று திருப்தியடையும்; 1.99 என்றால் 2.0 என்றே கொள்ள வேண்டும் என்று புதிய கிளையண்டுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. அந்த எண்ணுடைய நெறிமுறை எதுவும் உலகில் இருந்ததில்லை. இரு தரப்பாருக்கும் மனம் நோகாதபடி சொல்லப்பட்ட ஓர் இங்கிதமான பொய் அது. இந்தத் துறையில் நான் கண்ட உபாயங்களுள் இதைப்போல் எனக்குப் பிடித்தது வேறில்லை.

வாழ்த்து வரி முடிந்தபின், இரண்டாம் நெறிமுறையில், இரு முனைகளும் தாம் அறிந்த முறைகளின் பெயர்ப் பட்டியல்களை நீட்டும்: சாவியை உடன்பாடு செய்துகொள்ளும் முறைகள், கணினியின் அடையாளச் சாவி வகைகள், சங்கேத முறைகள், நேர்மைச் சோதனைகள் என்று தனித்தனிப் பட்டியல்கள். கிளையண்ட் தன் விருப்ப வரிசையில் சொல்வனவற்றுள் சர்வருக்கும் தெரிந்த முதலாவது பெயர் தேர்ந்தெடுக்கப்படும். ஒன்றும் பொதுவாக இல்லையென்றால் பேச்சு அங்கேயே முறியும். இதில் ஒரு நுட்பமான சௌகரியம் வைக்கப்பட்டிருந்தது: பொது அங்கீகாரம் பெறாத புது முறை ஒன்றை யார் வேண்டுமானாலும், அட் குறியிட்டுத் தன் இணைய முகவரியைப் பின்னால் சேர்த்துப் பெயரிட்டுக்கொள்ளலாம், அறிந்தவர் எடுத்துக்கொள்வர், அறியாதவர் பேசாமல் கடந்து செல்வர். கர்வ்25519 என்ற வளைவைக் கொண்ட சாவி உடன்பாட்டு முறை 2013-இல் லிப்எஸ்எஸ்ஹெச் திட்டத்தாரின் முகவரியைத் தாங்கி இப்படித்தான் நுழைந்து, உலகெங்கும் பரவி முடித்த பிறகு, 2020-இல் முகவரி நீங்கிய பெயரோடு தரமாக அங்கீகரிக்கப்பட்டது. வழக்கு முன்னே செல்ல இலக்கணம் பின்னே வருகிற பழைய கதைதான். ஆயினும் இம்முறை அதற்கு ஒரு நல்ல பாதை போடப்பட்டிருந்தது.

இனி உரிமத்தின் கதைக்கு வருவோம். இலோனனின் நிரலில் 1.2.12 என்ற பதிப்பே தாராளமான நிபந்தனைகளோடு வெளிவந்தவற்றுள் கடைசி. ஸ்வீடனைச் சேர்ந்த பியோர்ன் கிரோன்வால் 1999-இல் அந்தப் பழைய பதிப்பைத் தேடியெடுத்து, அதன் பிழைகளைத் திருத்தி ஓஎஸ்எஸ்ஹெச் என்று வெளியிட்டார். தியோ டி ராட் தலைமையிலான ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் அதை எடுத்துக்கொண்டு, காப்புரிமைக்கு உட்பட்ட பகுதிகளைக் களைந்து, சங்கேத வேலைகளை வெளி நூலகம் ஒன்றுக்கு மாற்றி, சில மாதங்களில் உருவாக்கியதுதான் ஓப்பன்எஸ்எஸ்ஹெச். 1999 டிசம்பரில் ஓப்பன்பிஎஸ்டியின் 2.6-ஆம் பதிப்போடு அது வெளிவந்தது. முதலில் பழைய நெறிமுறையை மட்டுமே அறிந்திருந்த அதற்கு மார்க்குஸ் ஃப்ரீடல் இரண்டாவதையும் கற்பித்தார். 2000 ஜூனில் வந்த 2.0 பதிப்பு இரண்டையும் ஒரே நிரலுக்குள் பேசியது. டேமியன் மில்லர் முதலானோர் அதை மற்ற யூனிக்ஸ் வகைகளுக்கும் லினக்ஸுக்கும் ஏற்றபடி செய்து கொடுத்தார்கள். கம்பெனி இரண்டு காவலரை வைத்துச் செய்ததை இவர்கள் ஒருவரை வைத்துச் செய்துவிட்டார்கள். அதற்கு விலையும் இல்லை. இதே காலத்தில் விண்டோஸ்காரர்களுக்காக இங்கிலாந்தில் சைமன் டாதம் புட்டி என்ற சிறு கிளையண்டை எழுதி 1999-இல் இலவசமாக வெளியிட்டார்.

நெறிமுறை ஒன்றானாலும் வீட்டு வழக்கங்கள் ஒன்றாகவில்லை. பாஸ்வேர்டு இல்லாமல் சாவியைக் கொண்டு நுழைய விரும்பியவர் அன்று பட்ட பாட்டை இங்கே சற்று விரித்துச் சொல்லலாம். கம்பெனியின் நிரலில் உருவாக்கிய பொதுச்சாவிக் கோப்பைத் திறந்தால், முதல் வரியில் நான்கு சிறு கோடுகள், ஓர் இடைவெளி, எஸ்எஸ்ஹெச்2 பொதுச்சாவி தொடங்குகிறது என்ற ஆங்கில வாசகம், மறுபடியும் இடைவெளியும் நான்கு கோடுகளும் இருக்கும். அடியில் குறிப்புரை வரி. அதன்கீழ் சாவியின் எழுத்துக்கள் பல வரிகளாக மடிக்கப்பட்டு வரும். ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சின் கோப்பிலோ எல்லாம் ஒரே நெடிய வரி: சாவியின் வகை, ஓர் இடைவெளி, மடிப்பில்லாத எழுத்துத் தொடர், முடிவில் குறிப்பு. உள்ளேயிருக்கும் எழுத்துத் தொடர் இரண்டிலும் அட்சரம் பிசகாமல் ஒன்றேதான்! உறையே வேறு. அதைச் சர்வரில் வைக்கும் இடமும் வேறு: முன்னதில் ஓர் உப அடைவில் சாவிக் கோப்பைத் தனியாகப் போட்டு, அனுமதிக் கோப்பில் அதன் பெயரை மட்டும் எழுத வேண்டும், பின்னதில் அங்கீகரித்த சாவிகளின் கோப்பில் சாவியையே ஒட்ட வேண்டும். ஒன்றின் உறையை மற்றதன் கோப்பில் ஒட்டிவிட்டு, நாள் முழுவதும் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருக்கும் சர்வரின் முன் உட்கார்ந்திருந்த நிர்வாகிகள் எண்ணற்றவர்கள். ஏனெனில் சர்வர், சாவி புரியவில்லை என்று கிளையண்டிடம் ஒருபோதும் சொல்லாது, பேசாமல் அடுத்த முறைக்குப் போய்விடும். ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சின் சாவி செய்யும் நிரலில் உறை மாற்றுவதற்கென இரண்டு விருப்பக் குறிகள் சேர்க்கப்பட்டன. புட்டியார் தங்களுக்கென்று மூன்றாவதாக ஒரு ரகசியச்சாவி உறையை வகுத்துக்கொண்டு, மாற்றுவதற்கு ஒரு தனி நிரலும் தந்தார்கள்.

கோப்பு நகலெடுக்கும் எஸ்சிபி கட்டளையின் விஷயம் இன்னும் வேடிக்கை. பெயர் ஒன்று, உள்ளே நடப்பது வேறு. ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சின் எஸ்சிபி, பெர்க்லி காலத்து ஆர்சிபியின் வழியில், மறுமுனையில் தன் பெயருடைய நிரலையே எழுப்பி அதனோடு பேசும். கம்பெனியின் எஸ்சிபியோ எஸ்எஃப்டிபி என்ற வேறொரு நெறிமுறையைப் பேசியது. முன்னது பின்னதன் வீட்டுக்குப் போய்ப் பெயர் சொல்லி அழைத்தால், எழுந்து வந்த நிரல் வந்தவனின் பேச்சைக் கேட்டு, பழைய முறைக்காரரை அனுப்புவதாக எச்சரிக்கை வரி ஒன்றை எழுதிவிட்டு, பழைய எஸ்சிபியைத் தேடும். அது அங்கே நிறுவப்பட்டிருக்காவிட்டால் நகலெடுப்பும் இல்லை.

2001 பிப்ரவரியில் சச்சரவு பெயரையே தொட்டது. எஸ்எஸ்ஹெச் என்பது தம் கம்பெனியின் வணிக முத்திரை என்றும், பொதுமக்கள் குழம்புகிறார்கள் என்றும், ஆகவே ஓப்பன்எஸ்எஸ்ஹெச் தன் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் இலோனன் எழுதினார். தாம் வருந்தி எழுதித் தந்ததை வேறு சிலர் எடுத்து அதே பெயரால் வழங்குவதைக் கண்டு அவர் மனம் புழுங்கியதில் நியாயமில்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் நெறிமுறைக்கும், கட்டளைக்கும், பொருளுக்கும், கம்பெனிக்கும் ஒரே பெயரை வைத்து, ஐந்தாண்டு காலம் உலகத்தார் அதை இஷ்டம்போல் வழங்க விட்டுவிட்டு, பின்னர் அதைத் திரும்பக் கேட்பது நடக்கிற காரியமல்ல. பெயர் மாறவில்லை.

பகைமை இவ்வளவு இருந்தும், நிரல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டுதான் இருந்தன. எப்படி என்றால், ஒவ்வொன்றும் மற்றவற்றின் பிழைகளைப் படித்து நினைவில் வைத்துக்கொண்டது. ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சின் மூலத்தில் இணக்கத்துக்கென்றே ஒரு கோப்பு உண்டு. மளிகைக்கடைக்காரர் ஆளுக்கொரு பக்கமாகப் பற்று எழுதி வைப்பது போல, அதில் வாழ்த்து வரியில் வரும் நிரற்பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டு, எதிரே அந்தந்த நிரலின் குறைகள் குறிக்கப்பட்டிருக்கும்: கம்பெனியின் இன்ன பதிப்புகள், எஃப்-செக்யூர், மைண்ட்டெர்ம், சிஸ்கோ, வின்எஸ்சிபி, புட்டியின் பழைய பதிப்புகள், தன் சொந்த முற்பதிப்புகள்கூட. எதிராளி வாழ்த்துச் சொன்னவுடன் நிரல் இந்த ஏட்டைப் புரட்டி, இவனிடம் இப்படித் தப்பாகப் பேசினால்தான் இவனுக்குப் புரியும் என்று தன்னை மாற்றிக்கொள்ளும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். செய்தியின் நேர்மையைச் சோதிக்கும் கணக்குக்கு, ஷா-1 முறையில், 20 பைட் நீளமுள்ள சாவி வேண்டும். கம்பெனியின் சர்வர் 2.3.0 பதிப்பு வரையில் இந்தச் சாவியைத் தவறாகக் கணக்கிட்டு வந்தது. அதனோடு பேசும்போது ஓப்பன்எஸ்எஸ்ஹெச் தானும் வேண்டுமென்றே 16 பைட்டோடு நிறுத்திக்கொள்ளும். புட்டியில் இதே குறை ஒரு தனிப் பக்கத்தில், தானாகக் கண்டுகொள், உண்டு, இல்லை என்ற மூன்று தெரிவுகளோடு, மற்றப் பல குறைகளுக்கு நடுவே வீற்றிருக்கிறது. அந்தப் பக்கத்தின் தலைப்பே பிழைகள் என்பதுதான். அத்தெரிவு தவறாக அமைந்தால், இணைப்பின் தொடக்கத்திலேயே நேர்மைச் சோதனை பொருந்தவில்லை என்று ஒரு வரி தோன்றிப் பேச்சு அறுந்துபோகும். பயனருக்குத் தம் பாஸ்வேர்டிலோ கம்பியிலோ கோளாறு என்றுதான் தோன்றுமேயன்றி, இரண்டு வித்வான்கள் நான்கு பைட்டில் வேறுபட்டார்கள் என்று தோன்றாது.

பிறர் பிழையைப் பொறுத்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சின் பிழையைப் பிறர் பொறுக்க வேண்டிய நாளும் வந்தது. அதன் 6.5, 6.6 பதிப்புகளில் கர்வ்25519 முறையில் ஒரு சிறு தவறு புகுந்துவிட்டது. விதிப்படி எழுதப்பட்ட வேறு நிரலோடு பேசினால் ஏறத்தாழ 0.2 சதவீத இணைப்புகள் முறியும். ஐநூறில் ஒன்று! அடுத்த முறை முயன்றால் சரியாகிவிடும் ஒன்றை யார் புகாராகக் கொண்டு செல்வார்கள்? அதிலும், தவறு செய்யும் இருவர் தங்களுக்குள் பேசினால் ஒரு குறையும் தோன்றாது. எதிராளி ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால் மட்டுமே அது வெளிப்படும். 6.7 பதிப்பு, அந்த இரண்டு பதிப்புகளைக் கண்டால் அந்த முறையை எடுக்காமல் வேறொன்றுக்குச் செல்லும்படி எழுதப்பட்டது.

இவ்விதம் பழையவரையும் பிழையானவரையும் அரவணைத்துக்கொள்வது எவ்வளவு தாராளமான குணமாகத் தோன்றினாலும், காவல் தொழிலில் அது அபாயமில்லாத குணமன்று. முதல் நெறிமுறையின் சிஆர்சி-32 பலவீனத்தைக் கொண்டு நடுவிலிருப்பவன் செய்தியைச் செருக முடியும் என்பதை 1998-இல் அர்ஜென்டினாவின் கோர் எஸ்டிஐ ஸ்தாபனத்தார் காட்டினார்கள். நெறிமுறையை மாற்ற இயலாதாகையால், அப்படிப்பட்ட செருகலைக் கண்டுபிடிக்கும் துணை நிரல் ஒன்றையும் அவர்களே எழுதித் தர, கம்பெனியும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சும் அதைத் தத்தம் நிரலில் சேர்த்துக்கொண்டன. 2001-இல் போலந்துக்காரரான மைக்கேல் ஜலேவ்ஸ்கி அந்தத் துணை நிரலுக்குள்ளேயே ஒரு பெருங்குறையைக் கண்டார்: 32 பிட் எண்ணொன்றை 16 பிட் பாத்திரத்தில் ஊற்றியிருந்ததால், மிகப் பெரிய செய்தி ஒன்றை அனுப்பிக் கணினியையே கைப்பற்றலாம். இரண்டாம் நெறிமுறையை மட்டும் பேசிய சர்வர்களுக்கு இதனால் தீங்கில்லை; 1.99 என்று இங்கிதமாக வாழ்த்துச் சொன்னவர்களும், பழைய காவலரை அருகே வைத்திருந்தவர்களும் அகப்பட்டுக்கொண்டார்கள். 2003-இல் வெளிவந்த ‘தி மேட்ரிக்ஸ் ரீலோடட்’ என்ற ஹாலிவுட் சினிமாவில் கதாநாயகி ஒரு மின் நிலையத்தின் கணினிக்குள் நுழைவதற்கு இந்தக் குறையைத்தான் பயன்படுத்துகிறாள். சினிமாவில் காட்டப்படும் கணினித் திருட்டுகளில் உண்மைக்கு இவ்வளவு அருகில் வந்தது அபூர்வம் என்று துறையார் அன்று மகிழ்ந்து போனார்கள்.

பணிக்குழுவின் இலக்கணம் 2006 ஜனவரியில்தான் 4251 முதல் 4254 வரையிலான எண்களோடு தரமாக அச்சேறியது. நிரல் பிறந்து பத்தாண்டுக்கு மேலாகிவிட்டது. சாவி உறையின் வடிவம் அந்த நவம்பரில் 4716-ஆம் எண்ணில் பதிவாயிற்று. எஸ்எஃப்டிபி பல வரைவுகளைக் கண்டும் தரமாகவே ஆகவில்லை. மூன்றாம் பதிப்பின் வரைவை வைத்துக்கொண்டே உலகம் காலந்தள்ளுகிறது. அச்சான இலக்கணம் டிஎஸ்ஏ கையொப்பத்தைக் கட்டாயம் என்றும், ஆர்எஸ்ஏயைச் சிபாரிசு என்றும் சொல்லிற்று. காப்புரிமைக் காலத்து அச்சத்தில் எழுதிய வாசகம், அச்சம் நீங்கி ஐந்தாண்டுக்கு மேல் ஆனபின்னும் அப்படியே நின்றுவிட்டது.

பொறுமையின் யுகம் 2015-இல் முடிவுக்கு வரத் தொடங்கிற்று என்று கொள்ளலாம். அந்த ஆகஸ்டில் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 7.0, முதல் நெறிமுறையைச் சாதாரணமாகத் தொகுத்தால் சேராதபடி விலக்கியதோடு, 1024 பிட் அளவுள்ள பழைய டிஃபி-ஹெல்மன் முறையையும், இலக்கணம் கட்டாயம் என்று விதித்த அதே டிஎஸ்ஏயையும் வழக்கத்திலிருந்து நீக்கியது. 2017-இல் 7.6 பதிப்பில் முதல் நெறிமுறை மூலத்திலிருந்தே அகற்றப்பட்டது. 2021-இல் 8.8 பதிப்பு, ஷா-1 கொண்டு இடப்படும் ஆர்எஸ்ஏ கையொப்பத்தையும் மறுத்தது. அதுவரை பேசிக்கொண்டிருந்த பழைய ரவுட்டர்களும் சுவிட்சுகளும் ஒரு நாள் காலையில் ஊமையாயின. பொதுவான முறை ஒன்றும் இல்லை, எதிராளி தருவது இவ்வளவே என்று பெயரைச் சொல்லி ஒரு வரி தோன்றும். நிர்வாகி அந்தப் பெயரை, முன்னால் ஒரு கூட்டல் குறியிட்டு, தம் அமைப்புக் கோப்பில் அந்த ஒரு கருவிக்கு மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும். கோப்பில் இப்படிக் கூட்டல் குறிகள் பெருகி நிற்பதைக் கொண்டே ஓர் அலுவலகத்துக் கருவிகளின் வயதை ஊகித்துவிடலாம். இந்தக் கண்டிப்பைப் பலர் குறை கூறினார்கள். மென்பொருளை மாற்ற முடியாத கருவியைத் தலையில் கட்டியவன் விற்றவனேயாகையால், குறை அவனைச் சேர்ந்தது என்பது என் எண்ணம்.

எஸ்சிபியின் பழைய பிணக்கும் எதிர்பாராத விதமாகத் தீர்ந்தது. 2022 ஏப்ரலில் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.0, ஆர்சிபி வழியைக் கைவிட்டு, எஸ்சிபி என்ற பெயருக்குள் எஸ்எஃப்டிபியையே வைத்துவிட்டது; கம்பெனி இருபது ஆண்டுக்கு மேலாகச் செய்து வந்ததுதான் அது. ஆயினும் ஒருவருக்குத் தீர்ந்த பிணக்கு இன்னொருவருக்கு ஆரம்பமாயிற்று. மேட் ஜான்ஸ்டன் எழுதிய டிராப்பேர் என்ற மிகச் சிறிய சர்வரே வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலும் குடியிருக்கிறது. அதனுடன் எஸ்எஃப்டிபி சர்வர் வருவதில்லை. ஆகவே நேற்றுவரை ஓடிய நகலெடுப்பு, எஸ்எஃப்டிபி சர்வரைக் காணோம் என்று சொல்லி நின்றுபோகும். பெரிய ஓ எழுத்தை விருப்பக் குறியாகச் சேர்த்தால் பழைய வழியில் போகும்.

2023 டிசம்பரில் ஜெர்மனியின் போஹும் ரூர் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஃபேபியன் போய்மர் முதலிய மூவர், இரண்டாம் நெறிமுறையின் தொடக்கத்திலேயே செய்திகளின் எண்ணிக்கையைக் குலைக்கும் ஒரு தாக்குதலை வெளியிட்டு அதற்கு டெராபின் என்று பெயரிட்டார்கள். அதற்குப் பரிகாரமாக இரு முனைகளும் கண்டிப்பான முறையில் நடக்க ஒப்ப வேண்டும். ஒருவர் மட்டும் நடந்தால் பேச்சு முறியும். ஒப்புதலைத் தெரிவிக்க நெறிமுறையில் புதிய இடமில்லாததால், சாவி உடன்பாட்டு முறைகளின் பட்டியலிலேயே, முறை எதையும் குறிக்காத ஒரு பெயரை, அட் குறியோடு செருகிவிட்டார்கள். அறிந்தவன் கண்டுகொள்வான்; அறியாதவன் தனக்குத் தெரியாத ஏதோ முறை என்று கடந்துபோவான். 1.99-ஐ வகுத்தவர்களின் சாதுரியம் இன்னும் அற்றுப்போகவில்லை.

2025 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 10.0 வெளிவந்து, டிஎஸ்ஏயை முற்றிலும் அகற்றிவிட்டு, கூடவே ஓர் எச்சரிக்கையையும் சொல்லிற்று: பெயருக்குப் பின் வரும் முதல் இலக்கம் 1 என்று பார்த்த மாத்திரத்தில், இது இருபத்தைந்து ஆண்டுக்கு முந்திய முதற்பதிப்பு என்று முடிவுகட்டுகிற நிரல்கள் எங்கேனும் இருந்தால், அவை பத்தாம் பதிப்பைக் கண்டு ஏமாறக்கூடும்.